மொழி தெரியாமல் இந்திப் பாட்டுத் தேர்ந்தெடுப்பது: தருணத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ற வழிகாட்டி

தீபாவளிக்கு இந்திப் பாட்டு தேடுபவர் கண்ணில் 'ஆயி திவாலி ஆயி திவாலி' படலாம். 1944இல் வந்த 'ரத்தன்' படத்துக்காக நௌஷாத் இசையமைத்து ஜோராபாய் அம்பாலேவாலி பாடியது. தலைப்பிலேயே இரண்டு தடவை தீபாவளி இருப்பதால் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் அது, விளக்கோடு ஆட விட்டில்பூச்சிக்குத் துணை இருக்கிறது, நான் யாரோடு தீபாவளி கொண்டாடுவேன் என்று ஏங்கும் ஒரு பெண்ணின் பாட்டு. மத்தாப்புக் கொளுத்தும் முற்றத்தில் ஒலிக்க வேண்டியது அல்ல.

இந்தி தெரியாமல் பாட்டுத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான். மெட்டை வைத்து முடிவு செய்கிறார்கள், அல்லது தலைப்பில் தெரிந்த ஒரு சொல்லை வைத்து. இந்திப் படப்பாட்டு ஒரு குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட இன்னொருவரிடம், குறிப்பிட்ட நேரத்தில் சொல்வதாக எழுதப்பட்டது. அந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் மொழி தெரியாமலேயே சரியாகத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

முதல் படி: எந்தப் பாட்டு, எந்த வடிவம்?

ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: படம், ஆண்டு, பாடியவர், இசையமைத்தவர். தலைப்பு மட்டும் போதாது. ஒரே படத்தில் ஒரே மெட்டு மகிழ்ச்சியாக ஒரு முறை, சோகமாக ஒரு முறை வருவது இந்திப் படங்களில் நெடுங்கால வழக்கம். 'நஸ்ரானா' (1961) படத்தில் ரவி இசையமைத்த தீபாவளிப் பாட்டே இதற்கு நல்ல உதாரணம். லதா மங்கேஷ்கர் பாடிய 'மேலே ஹைன் சிராகோன் கே' வண்ண விளக்குகளின் திருவிழாவைப் பாடுகிறது. அதே படத்தில் முகேஷ் பாடிய 'ஏக் வோ பீ திவாலீ தீ', அப்படியும் ஒரு தீபாவளி இருந்தது என்று இழந்ததை எண்ணி வருந்துகிறது. பண்டிகைக்கு எடுக்க வேண்டியது லதாவுடையது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'தேரே மேரே பீச் மே' ('ஏக் தூஜே கே லியே', 1981) பாட்டுக்கும் இரண்டு வடிவம் உண்டு. லதாவோடு சேர்ந்து பாடியது காதல் ஜோடிப் பாட்டு. அவர் தனியாகப் பாடியது சோகம். பிறந்தநாள் கூட்டத்தில் தவறான வடிவம் ஓடினால் முதல் அரை நிமிடத்திலேயே கூடம் அடங்கிவிடும்.

பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல் 'ஜன்கார் பீட்ஸ்'. பழைய ஒலிப்பதிவின் மேல் மின்னணுத் தாளத்தை ஏற்றி, பிற்பாடு ஒலிநாடாக்களாக விற்ற பதிப்புகள் இவை. இணையத்தில் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. ஆட்டத்துக்கு ஒருவேளை பயன்படலாம். அமைதியாகக் கேட்கும் பட்டியலில் ஒன்றுகூட வேண்டாம், தபலாவின் நயம் முழுக்க அதில் புதைந்துவிடுகிறது. 'அன்பிளக்டு', 'ரிப்ரைஸ்', 'லோஃபை' என்று பெயரோடு ஒட்டிவரும் பதிப்புகளையும் முழுக்கக் கேட்காமல் சேர்க்காதீர்கள். 1940கள், 50களின் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குள் முடியும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். படத்தில் வரும் வடிவத்தில் சில நேரம் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும். ஆகவே நேரம் மாறினால் உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம், பாடியவர் பெயரைச் சரிபாருங்கள்.

இரண்டாம் படி: யார், யாரிடம், எப்போது?

படத்தின் காட்சியை ஒரு முறை பாருங்கள். மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் காட்சியிலேயே விடை கிடைக்கும். 'அஜீப் தாஸ்தான் ஹை யே' ('தில் அப்னா ஔர் ப்ரீத் பராயி', 1960, ஷங்கர்-ஜெய்கிஷன்) கேட்க இதமாக, மெல்ல ஆடும் தாளத்தில் இருக்கும். காட்சியில், தான் விரும்பியவருக்கு வேறொரு பெண்ணோடு திருமணம் முடிந்திருக்க, அந்த விருந்தில் நின்று பாடுகிறாள் நாயகி. 'சன்னா மேரேயா' ('ஏ தில் ஹை முஷ்கில்', 2016, ப்ரீதம்) பாட்டும் அப்படித்தான்: காதலித்த பெண்ணின் கல்யாணத்தில் விலகிப்போகிறவன் பாடுவது. காட்சி முழுக்கக் கல்யாண உடை, விளக்கு, மலர். அதனாலேயே கல்யாணப் பட்டியல்களில் நுழைந்துவிடுகிறது. மணமக்களுக்கு முன்னால் இதை ஒலிக்கவிடாதீர்கள்.

காட்சியைப் பார்க்க முடியாதபோது சில சொற்களைக் காது பிடித்தால் போதும். ஜுதாயி, தன்ஹாயி, ஆன்ஸு, கம், தர்த், பேவஃபா இவற்றில் ஏதாவது பல்லவியில் வந்தால் பிரிவோ தனிமையோ கண்ணீரோ இருக்கிறது. அல்விதா என்றால் விடைபெறுதல். பஹார், மிலன், முபாரக், ஷெஹ்னாயி வந்தால் பெரும்பாலும் மங்கலம். பாபுல் என்றால் தந்தை, டோலி என்றால் பல்லக்கு. இந்த இரண்டும் வந்தால் மகள் புகுந்த வீடு புறப்படும் பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பல்லவியை முக்டா என்றும் சரணத்தை அந்தரா என்றும் சொல்வார்கள். முக்டா மட்டும் கேட்டு முடிவு செய்வது ஆபத்து. கடைசி அந்தராவில்தான் சாவும் பிரிவும் எட்டிப்பார்க்கும்.

மூன்றாம் படி: கல்யாணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது

அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வட இந்தியக் கல்யாணத்தில் மெஹந்தி (மருதாணி இடுவது), ஸங்கீத் (ஆடல்பாடல் நிகழ்ச்சி), பராத் (மாப்பிள்ளை ஊர்வலம்), ஜெய்மாலா (மாலை மாற்றுவது), பேரே (தீயை வலம் வருவது), விதாயி (மகளை வழியனுப்புவது) என்று கட்டங்கள் உண்டு. பாட்டுகளும் இந்தக் கட்டங்களுக்கென்றே எழுதப்பட்டவை. 'கல்யாணப் பாட்டு' என்று ஒரே பட்டியலாகப் போட்டுக் கலக்கி ஓடவிட்டால், மாப்பிள்ளை ஊர்வலத்தில் மகளை அனுப்பும் அழுகைப் பாட்டு வந்து நிற்கும்.

மெஹந்திக்குப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், கை அசைக்க முடியாது, பேச்சு நடக்கும். அங்கே ஓசை தாழ்ந்த, நடுத்தர வேகப் பாட்டு வேண்டும். 'ஸுபைதா' (2001) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அல்கா யாக்னிக் பாடிய 'மெஹந்தி ஹை ரச்னேவாலி' அதற்கென்றே அமைந்தது போன்றது. 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' (1995) படத்தின் 'மெஹந்தி லகா கே ரக்னா' பெயரில் மருதாணி இருந்தாலும் ஆட்டப் பாட்டு. அதை ஸங்கீத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'குயின்' (2014) படத்தின் 'லண்டன் தும்க்தா' பாட்டும் ஸங்கீத்துக்குப் பொருந்தும்.

பராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, மாப்பிள்ளையின் தோழன் பாடுவதாக வரும் 'ஆஜ் மேரே யார் கி ஷாதி ஹை' ('ஆத்மி சடக் கா', 1977, ரவி இசை, முகமது ரஃபி) இல்லாமல் பேண்டு வாத்தியக்காரர்கள் அடி எடுத்து வைப்பதே அரிது. நண்பனுக்குக் கல்யாணம் என்று பொருள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் நடந்துவரும்போது மட்டும். பெண் வீட்டார் நிகழ்ச்சியில் இதைப் போட்டால் பொருந்தாது.

மணப்பெண் மேடைக்கு வரும்போது 'பஹாரோன் பூல் பர்ஸாவோ' ('சூரஜ்', 1966, ஷங்கர்-ஜெய்கிஷன், ரஃபி). வசந்தமே பூமாரி பொழி, என் காதலி வந்திருக்கிறாள் என்பதுதான் பொருள். இந்தத் தருணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இந்தியில் இல்லை என்பது உறுதியான கருத்து. பல்லவி வரும்போது பெண் நடக்கத் தொடங்க வேண்டும். முன்னிசை எத்தனை நொடி என்று கணக்கிட்டு, வாசலில் நிற்பவருக்குச் சைகை கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள்.

விதாயிக்கு ஒரே ஒரு பாட்டு போதும். 'பாபுல் கி துவாயேன் லேதி ஜா' ('நீல் கமல்', 1968) தந்தை மகளை ஆசீர்வதித்து அனுப்பும் பாட்டு. சாஹிர் லுதியான்வியின் வரிகளை ரஃபி தழுதழுத்த குரலில் பாடியிருப்பார். புதியதாக வேண்டுமென்றால் 'ராஸி' (2018) படத்தின் 'தில்பரோ' இருக்கிறது. அது மகள் தந்தையிடம் பேசுவது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள், புறப்படுவதே தாமதமாகும். வரவேற்பு விருந்தில் இவை இரண்டுக்கும் இடமில்லை.

மணமக்களின் பெற்றோரைச் சிறப்பிக்கவும் திருமண ஆண்டு விழாக்களுக்கும் 'ஏ மேரி ஜோரா ஜபீன்' ('வக்த்', 1965, மன்னா டே). நடுவயதுக் கணவன் எல்லார் முன்னிலையிலும் மனைவியைப் பார்த்து, நீ இன்னும் அழகிதான் என்று பாடுவது. வளைகாப்புக்கு 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' (1994) படத்தில் லதாவும் எஸ்.பி.பி.யும் பாடிய 'தீதி தேரா தேவர் தீவானா' மிகவும் பொருந்தும். இது எல்லாக் கல்யாணத்திலும் ஒலித்தாலும், படத்தில் வருவது அக்காவின் வளைகாப்பு போன்ற சடங்கில்தான்.

நான்காம் படி: ஆண்டு முழுக்க வரும் நாட்கள்

ஹோலிக்கு 'ஷோலே' (1975) படத்தின் 'ஹோலி கே தின்', 'சில்சிலா' (1981) படத்தில் அமிதாப் பச்சன் பாடிய 'ரங் பர்ஸே' இரண்டும் தவறாமல் ஒலிப்பவை. 'ரங் பர்ஸே' காட்சியில் முன்னாள் காதலர்கள் தங்கள் துணைகளின் எதிரிலேயே எல்லை மீறுகிறார்கள். குடும்பத்தோடு என்றால் 'பாக்பான்' (2003) படத்தின் 'ஹோலி கேலே ரகுவீரா' பக்கம் போகலாம். ரக்ஷா பந்தனுக்கு அண்ணன் பாடுவதாக 'பூலோன் கா தாரோன் கா' ('ஹரே ராமா ஹரே கிருஷ்ணா', 1971), தங்கை பாடுவதாக 'பையா மேரே ராக்கி கே பந்தன் கோ நிபானா' ('சோட்டி பஹன்', 1959). கிருஷ்ண ஜயந்தி உறியடிக்கு 'கோவிந்தா ஆலா ரே' ('பிளஃப் மாஸ்டர்', 1963).

பிறந்தநாளுக்கு 'பார் பார் தின் யே ஆயே' ('ஃபர்ஸ்', 1967). இதில் சுனிதா என்ற பெயர் வரும். ஒலிப்பதிவை அப்படியே போடாமல், அந்த இடத்தில் பிறந்தநாள்காரரின் பெயரை எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பிரிவு உபசார விழாவுக்குக் கிஷோர் குமாரின் 'சல்தே சல்தே மேரே யே கீத்' (1976).

குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டுக்கும் கவனம் தேவை. 'மேரே தேஷ் கி தர்தி' ('உப்கார்', 1967) மண்ணையும் விளைச்சலையும் பாடுவது, கொடியேற்றத்துக்கும் குழு ஆட்டத்துக்கும் சரி. 'கர் சலே ஹம் ஃபிதா' ('ஹகீகத்', 1964, மதன் மோகன் இசை) உயிர் பிரியும் வீரர்கள் நாட்டைப் பிறரிடம் ஒப்படைத்துச் செல்லும் பாட்டு. இதற்குக் குழந்தைகளைச் சிரித்தபடி ஆடவைக்கக் கூடாது. 'ஏ மேரே வதன் கே லோகோ' படப்பாட்டே அல்ல. 1962 போரில் இறந்தவர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்து, 1963 ஜனவரி 27 அன்று தில்லியில் லதா பாடியது. நின்று, கைதட்டாமல் கேட்க வேண்டியது.

ஐந்தாம் படி: மனநிலைக்கு

மழை என்றதும் இந்தியில் இரண்டு திசை உண்டு. ஒன்று குதூகலம், மற்றது பிரிந்தவரின் நினைவு. மழைக்கால மாதமான சாவன் வந்துவிட்டது, அவர் வரவில்லை என்பது நாட்டுப்பாடல் காலம் முதல் வரும் ஏக்கம். 'லகி ஆஜ் சாவன் கி' ('சாந்தனி', 1989) அன்புக்குரியவளை இழந்தவன் பாடுவது. ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்பவருக்கு அது கனக்கும். 'ரிம் ஜிம் கிரே சாவன்' ('மன்சில்', 1979, ஆர்.டி. பர்மன்) இரண்டு வடிவத்திலும் இதமானது. கிஷோருடையது வீட்டுக்குள் ஒரு சபையில் பாடுவது, லதாவுடையது மும்பையின் நிஜ மழையில் நனைந்தபடி எடுத்தது. உள்ளே இருந்தால் முதலாவது, நனையப் போனால் இரண்டாவது. 'ஓ சஜ்னா பர்கா பஹார் ஆயீ' ('பரக்', 1960, சலில் சௌத்ரி) பாட்டின் சிதாருக்காகவே ஒலியைக் குறைத்துக் கேட்க வேண்டும். இரைச்சலான இடத்தில் அதன் பாதி காணாமல் போகும்.

பயணத்துக்கு 'மேரே சப்னோ கி ராணி' ('ஆராதனா', 1969), 'முஸாஃபிர் ஹூன் யாரோ' ('பரிச்சய்', 1972). 'சைய்ய சைய்யா' ('தில் சே', 1998) நீலகிரி மலை ரயிலின் மேல் எடுத்தது. 'உயிரே' படத்தின் 'தைய தையா'வாக நமக்கு மனப்பாடம். இப்படித் தமிழில் தெரிந்த மெட்டு வழியாக நுழைவது புதியவர்களுக்கு எளிது. தூங்கவைக்க 'ஸுர்மயி அகியோன் மே' ('சத்மா', 1983): இளையராஜா இசை, குல்ஸார் வரிகள், யேசுதாஸ் குரல். 'மூன்றாம் பிறை'யின் 'கண்ணே கலைமானே' அங்கே போய்ச் சேர்ந்த இடம் அது.

ராகம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ்: 'மன் தட்பத் ஹரி தர்ஷன் கோ ஆஜ்' ('பைஜு பாவ்ரா', 1952), பூஜை அறைக்கும் உரியது. மோகனம் அங்கே பூபாலி: 'ஜ்யோதி கலஷ் சல்கே' ('பாபி கி சூடியான்', 1961), விடியற்காலைக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. கல்யாணி அங்கே யமன்: 'சந்தன் ஸா பதன்' ('சரஸ்வதிசந்திரா', 1968), மாலைக்கு. சிவரஞ்சனியில் 'ஜானே கஹான் கயே வோ தின்' ('மேரா நாம் ஜோக்கர்', 1970), போன நாட்களை எண்ணும்போது. பைரவி என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். இந்துஸ்தானி பைரவி நம் பைரவி அல்ல, சிந்துபைரவிக்குப் பக்கத்தில் இருப்பது.

சோகப் பட்டியலை நீளமாக்க வேண்டாம். கீதா தத்தின் 'வக்த் நே கியா க்யா ஹஸீன் ஸிதம்' ('காகஸ் கே பூல்', 1959), ஹேமந்த் குமாரின் 'ஜானே வோ கைஸே' ('ப்யாஸா', 1957), மதன் மோகன் இசையில் லதாவின் 'லக் ஜா கலே' ('வோ கௌன் தி', 1964) என்று மூன்று ஓடியதும், 'வோ சுபஹ் கபி தோ ஆயேகி' ('ஃபிர் சுபஹ் ஹோகி', 1958) போல விடியலை எதிர்பார்க்கும் ஒன்றுக்கு மாறுங்கள். அங்கிருந்து 'ருக் ஜானா நஹீன்' ('இம்திஹான்', 1974) வரை ஏறலாம். சோகத்திலிருந்து நேராக ஆட்டப் பாட்டுக்குத் தாவினால் காது ஏற்காது.

ஆறாம் படி: பட்டியலை ஓடவிடுவது

ஒரு மணி நேரத்துக்குப் பழைய பாட்டு என்றால் 16 முதல் 18 வரை, புதியவை என்றால் 12 முதல் 14 வரை தேவைப்படும். பழைய பதிவுகள் புதியவற்றைவிடத் தாழ்ந்த ஒலியில் இருக்கும். செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்காவிட்டால், 1957 பாட்டுக்கு ஏற்றிய ஒலி 2014 பாட்டு தொடங்கும்போது எல்லாரையும் தூக்கிப்போடும். ஒரு பாட்டு அடுத்ததில் கலக்கும் வசதியை ஆட்டத்துக்கு 3 நொடி வையுங்கள், மெல்லிசைக்கு அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தரவிறக்குங்கள், மண்டபங்களில் சமிக்ஞை நம்ப முடியாதது. ஓடவிடும் கைப்பேசியை விமானப் பயணமுறையில் வையுங்கள். கலக்கி ஓடவிடும் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

மேடை ஆட்டத்துக்கு முழுப் பாட்டு நீளம். முக்டா, ஒரு அந்தரா, மறுபடி முக்டா என்று இரண்டரை நிமிடத்துக்குள் வெட்டுங்கள். தாள வட்டத்தின் முதல் அடியில் வெட்ட வேண்டும், அதை ஸம் என்பார்கள். வேறெங்காவது வெட்டினால் ஆடுபவர்களின் கால் தடுக்கும்.

ஏழாம் படி: நீங்களே பாடுவதென்றால்

கடைசி அந்தராவை முதலில் பாடிப் பாருங்கள், பெரும்பாலும் உச்ச ஸ்வரம் அங்கேதான். லதாவின் சுருதி பலருக்கு எட்டாது, ஒரு கட்டை இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். ரஃபியின் 'ஓ துனியா கே ரக்வாலே' முடிவில் மேலே மேலே ஏறும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். ஆண்கள் ஹேமந்த் குமார், முகேஷ் பாட்டுகளில் தொடங்கலாம். ஜோடிப் பாட்டில் இருவருக்கும் பொதுவான சுருதி கிடைக்கும்வரை அரைக் கட்டை அரைக் கட்டையாக மாற்றிப் பாருங்கள். 'அபி ந ஜாவோ சோட்கர்' ('ஹம் தோனோ', 1961) கெஞ்சலும் கொஞ்சலுமான உரையாடல் என்பதால் இருவர் பழக நல்லது.

வரிகளைத் தமிழில் எழுதும்போது ஸ்தோத்திரப் புத்தக முறையில் க, க2, க3, க4 என்று எண் போடுங்கள். எண் போடாமல் எழுதினால் பாட்டைக் குறிக்கும் 'கானா'வும் சாப்பாட்டைக் குறிக்கும் 'கானா'வும் ஒன்றாகிவிடும். ஆங்கில f, z போல் ஒலிக்கும் ஃப, ஸ எழுத்துகளுக்கு அடிக்கோடு இட்டு, மூச்சு விடும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். தாளை மேடைக்கு எடுத்துப்போகும் அளவில், ஒரு பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் அடக்குங்கள்.